எழுதாததைப் படிப்பது

அம்மா உலை வைத்தாள். அரிசி டப்பாவைத் திறந்தாள். மூடிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அரிசி தீர்ந்துவிட்டது என்று இந்த மூன்று வாக்கியங்களில் எங்கும் இல்லை. கடன் கேட்கப் போனாள் என்றும் இல்லை. ஆனாலும் வாசிப்பவர் அதைப் படித்துவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் 'அரிசி இல்லையென்று எழுதியிருந்ததே' என்று சாதிக்கவும் செய்வார். எழுத்துக் கூட்டத் தெரிந்த எல்லாராலும் இது முடிவதில்லை என்பதுதான் பள்ளிக்கூடத்தின் தலைவலி. மூன்று வாக்கியங்களையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்துவிட்டு, 'அம்மா ஏன் போனாள்?' என்று கேட்டால் 'கதவைத் தட்டினாள்' என்று மறுபடி அதே வரியைச் சொல்லும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள்.

உருவகம், மரபுத்தொடர், வஞ்சப்புகழ்ச்சி ஆகியவற்றில் வேறு வகைத் தடுமாற்றம். 'கடன்காரர் வந்ததும் சித்தப்பா கம்பி நீட்டிவிட்டார்' என்றால், கம்பி எங்கே என்று தேடும் குழந்தை உண்டு. இந்த இரண்டையும் நாம் வெவ்வேறு அலமாரியில் வைத்திருக்கிறோம். அணி என்பது இலக்கண வகுப்புக்கு. 'பத்தியைப் படித்து விடை தருக' என்பது மொழிப்பயிற்சிக்கு. ஆராய்ச்சியாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் வைத்திருந்தார்கள். நூறாண்டு ஆய்வுகளையும் அதற்கு முந்தைய நம் பழைய வாதங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே வேலைதான் என்று எனக்குப் படுகிறது. அந்த வேலையைச் செய்யும் திறமை பிள்ளைகளிடம் பெரும்பாலும் இருக்கவே இருக்கிறது. பொருந்தாத இடத்தில் நின்று யோசிக்கும் பழக்கம்தான் இல்லை.

குறிப்புப் பொருள் எப்படி வருகிறது என்ற சண்டை பழையது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காசுமீரத்தில் ஆனந்தவர்த்தனர் தொனிக் கோட்பாட்டை நிறுவினார். சொல்லின் நேர்ப்பொருள், அது முட்டும்போது எடுத்துக்கொள்ளும் இலக்கணைப் பொருள், இவை இரண்டையும் தாண்டிக் குறிப்பாகத் தோன்றும் தொனிப்பொருள் என்று அவர் பிரித்தார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒரு பிராகிருதப் பாடல் பிற்காலத்தவர் விடாமல் பிடித்துக்கொண்டது. கோதாவரிக் கரையில் ஒருத்தி தன் காதலனைச் சந்திக்கும் இடத்துக்குப் பூப்பறிக்க ஒரு பக்திமான் வந்துவிடுகிறார். அவரிடம் அவள், இனி அஞ்சாமல் உலாவலாம், உங்களைத் தொந்தரவு செய்த நாயை அங்கே இருக்கும் சிங்கம் கொன்றுவிட்டது என்ற கருத்துப்படச் சொல்கிறாள். சொன்னது 'வாருங்கள்'. உணர்த்தியது 'வராதீர்கள்'.

பதினோராம் நூற்றாண்டில் மகிமபட்டர் இதை மறுத்தார். தொனி என்ற தனி ஆற்றலே சொல்லுக்குக் கிடையாது, நடப்பது வெறும் அனுமானம் என்பது அவர் கட்சி. மனிதர் பயந்தவர், சிங்கம் நாயைவிடப் பயங்கரம், ஆகவே அங்கே போகமாட்டார். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல் என்றார். 'வியக்திவிவேகம்' என்ற நூல் முழுவதும் இந்த வாதத்துக்காகவே எழுதப்பட்டது. தொனியின் பக்கம் நின்ற மம்மடர் கொடுத்த பதில் அதைவிடச் சுவையானது. பயந்தவன்கூட குருவின் கட்டளைக்காகவோ காதலுக்காகவோ சிங்கம் இருக்கும் இடத்துக்குப் போவதுண்டே. நாய்க்கு அஞ்சுபவன் சிங்கத்துக்கு அஞ்சாத வீரனாகவும் இருக்கலாமே. தவிரவும், அங்கே சிங்கம் இருக்கிறது என்பதற்கு அவள் பேச்சைத் தவிர என்ன ஆதாரம்? ஏது உறுதியில்லாதபோது அனுமானம் எப்படி நிற்கும்? ஆனாலும் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறதே!

மகிமபட்டரை இலக்கிய வரலாறு தோற்றவர் வரிசையில் வைத்துவிட்டது. எனக்கு அவரிடம் கொஞ்சம் சாய்வு உண்டு. வாசகர் ஊகிக்கிறார் என்று அவர் சொன்னது சரி. அந்த ஊகத்துக்குத் தருக்க நூலின் உறுதியைக் கேட்டதுதான் பிழை. வாசிப்பில் நிகழும் ஊகம் எப்போதும் 'பெரும்பாலும் இப்படித்தான்' என்ற அளவில் நிற்பது. அடுத்த வரி அதைக் கவிழ்த்துவிடவும் கூடும்.

தமிழ் இலக்கணம் இந்த வாதத்துக்குள் போகவில்லை. அது வேறோர் இடத்தில், வாசகர் எதை வைத்து ஊகிக்கிறார் என்பதில், கவனம் வைத்தது. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் செய்யுள் உறுப்புகளில் எச்சமும் ஒன்று, முன்னமும் ஒன்று. சொல்லாலோ குறிப்பாலோ முடித்துக்கொள்ளும்படி விட்டது எச்சம். இந்த இடத்தில், இந்த வேளையில், இன்னார் இன்னாரிடம் பேசியது இது என்று செய்யுளிலிருந்தே அறிய வைப்பது முன்னம். அசையையும் சீரையும் வைத்த அதே பட்டியலில் இவற்றையும் வைத்தார்கள் என்பதை இன்றைய பாடநூல் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும். யாப்பு படிக்கும் மாணவருக்கு அசை பிரிக்கச் சொல்லித் தருகிறோம், முன்னத்தை விட்டுவிடுகிறோம்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த ஔவையார் பாட்டு. இங்கே உள்ள வேல்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் உள்ள அரண்மனையில் இருக்கின்றன. அங்கே இருப்பவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பாட்டின் உடலில், அதைக் கேட்ட தொண்டைமானின் பெயர் இல்லை. ஔவையார் அவனிடம் தூது போன செய்தியும் இல்லை. அவையெல்லாம் பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில் இருக்கின்றன. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டு வாசித்தால் எவ்வளவு தேறும்? கொஞ்சம் தேறும். முறிந்த வேல் போர் கண்டது, பளபளக்கும் வேல் காணாதது என்பது வரை பாட்டே கொண்டுபோய் விடுகிறது. பளபளக்கும் வேலுக்கு உரியவன் முன்னால் நின்றுகொண்டுதான் இது சொல்லப்படுகிறது, சொல்பவள் அவன் பகைவனின் ஆள், இது புகழ்ச்சியின் உடுப்பில் வந்த எச்சரிக்கை என்ற அடுத்த படிக்குச் சூழல் வேண்டும். 'வஞ்சப்புகழ்ச்சி அணி' என்று ஒற்றை வரியில் விடை எழுதும் மாணவர் இந்த இரண்டு படிகளில் எதில் ஏறினார் என்று விடைத்தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் ஏறாமலே முழு மதிப்பெண் வாங்கலாம்.

அகப்பாட்டின் உள்ளுறை இன்னும் கறாரானது. குறுந்தொகை 8இல் வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. பேசுபவள் காதற்பரத்தை, தலைவன் தானே வந்து சேர்கிறான், தான் தேடிப் போகவில்லை என்று கொள்வது வழக்கம். நிலத்தின் கருப்பொருள்களை வைத்தே உள்ளுறை காண வேண்டும், அவற்றிலும் தெய்வத்தை விலக்க வேண்டும் என்று தொல்காப்பியம் வரம்பு கட்டுகிறது. குறிப்புப் பொருள் என்றால் யாருக்கு எது தோன்றினாலும் சரி என்று அவர்கள் விட்டுவிடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

இனி மேற்கே போகலாம். எட்வர்டு தார்ண்டைக் 1917இல் பள்ளிப் பிள்ளைகளிடம் சிறு பத்திகளைக் கொடுத்து, அவர்கள் எழுதிய தவறான விடைகளை ஆராய்ந்தார். பத்தியில் ஒரு சொல் கண்ணில் பட்டு அளவுக்கு மீறிக் கனத்துவிடுகிறது. இன்னொன்று, அதுவும் 'ஒழிய', 'தவிர' போன்ற சிறு சொல், கனமே இல்லாமல் போய்விடுகிறது. பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவதைப் போன்ற சிந்தனை வேலை என்பது அவர் முடிவு. வாசிப்பு என்றால் உச்சரிப்பு என்று நம்பிய காலத்தில் அது பெரிய பேச்சு. அதன்பின் உளவியலில் நடத்தைவாதம் கோலோச்சியதால் ஐம்பது ஆண்டுகளுக்கு இந்தத் திசையில் யாரும் அதிகம் போகவில்லை. பார்ட்லெட் 1932இல் ஓர் அமெரிக்கப் பூர்வகுடிக் கதையை ஆங்கிலேயரிடம் கொடுத்து, அவர்கள் நினைவில் அது தங்கள் நாட்டுக் கதைபோல உருமாறியதைக் காட்டியது ஒன்றுதான் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு.

எழுபதுகளில் மடை திறந்தது. பிரான்ஸ்ஃபோர்டும் கூட்டாளிகளும் 1972இல் செய்த ஒரு சோதனை கச்சிதமானது. மிதக்கும் கட்டை ஒன்றின்மேல் மூன்று ஆமைகள். அவற்றுக்கு அடியில் ஒரு மீன் நீந்திப் போனது. இதைப் படித்தவர்கள் பிறகு, மீன் கட்டைக்கு அடியில் போனது என்ற வாக்கியத்தையும் தாங்கள் படித்ததாகவே நினைத்தார்கள். ஆமைகள் கட்டைக்குப் பக்கத்தில் இருந்தன என்று மாற்றிக் கொடுத்தபோது அந்தக் குழப்பம் வரவில்லை. மனம் சேமித்தது வாக்கியத்தை அன்று, காட்சியை. அரிசி டப்பாவைப் பற்றி நம் வாசகர் சாதிப்பதும் இதனால்தான். ஹாவிலண்டும் கிளார்க்கும் 1974இல் நேரத்தை அளந்தார்கள். 'பீர் சூடாக இருந்தது' என்ற அதே வாக்கியம், முன் வாக்கியத்தில் பீர் என்ற சொல் வந்திருந்தால் சட்டென்று புரிந்தது. சுற்றுலாவுக்குக் கட்டிய சாமான்களைப் பார்த்தோம் என்று மட்டும் வந்திருந்தால், சாமான்களில் பீரும் இருந்திருக்கும் என்று பாலம் போட ஒரு நொடியின் சிறு பகுதி கூடுதலாகத் தேவைப்பட்டது.

இந்தப் பாலங்களை வாசகர் எவ்வளவு தூரம் தானாகவே கட்டுகிறார் என்பதில் 1990களில் பெரிய மோதல். பக்கத்து வாக்கியங்கள் ஒட்டினால் போதும் என்று மனம் நின்றுவிடுகிறது என்றார்கள் மெக்கூனும் ராட்க்ளிஃபும், 1992இல். 1994இல் கிரேசர், சிங்கர், டிரபாசோ மூவரும், வாசகர் 'ஏன்' என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போகிறார், பாத்திரங்களின் நோக்கம் வரை போகிறார் என்றார்கள். இரு தரப்பும் தத்தம் சோதனைகளில் சரியாகவே இருந்தன. பரீட்சைக்காகப் புரட்டுபவரும் கதைக்காக ஏங்குபவரும் ஒரே பக்கத்தை ஒரே அளவுக்குப் படிப்பதில்லை. எதுவரை புரிந்தால் போதும் என்று வாசகர் வைத்துக்கொள்ளும் அளவுகோலைப் பொறுத்தது அது. எனக்கு இந்த விவாதம் முழுவதிலும் பயனுள்ளதாகத் தோன்றுவது இந்த ஒன்றுதான்.

உருவகத்தின் பக்கம் வேறு சண்டை. முதலில் நேர்ப்பொருளை எடுத்துப் பார்த்து, அது பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டு, பிறகு உருவகப் பொருளைத் தேடுகிறோம் என்பது தத்துவவாதி ஜான் சர்ல் போன்றோரின் படம். நம் இலக்கணை விளக்கமும் ஏறத்தாழ இதேதான்: கங்கையில் சேரி என்றால் நீரில் குடியிருக்க முடியாது, ஆகவே கரை. அழகான படம்தான், மனம் அப்படி வேலை செய்வதாகத் தெரியவில்லை. குளுக்ஸ்பெர்க் குழுவினர் 1982இல், வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா பொய்யா என்று மட்டும் வேகமாகச் சொல்லச் சொன்னார்கள். சில வேலைகள் சிறைகள் என்பது நேர்ப்பொருளில் பொய். ஆனால் உருவகமாகவும் தேறாத வெறும் பொய்களைவிட, இத்தகையவற்றைப் பொய் என்று சொல்ல அதிக நேரம் பிடித்தது. வேண்டாம் என்றாலும் உருவகப் பொருள் வந்து நின்று மறித்தது. ஆர்டனி குழுவினர் 1978இலேயே, முன்னால் போதிய சூழல் இருந்தால் உருவகம் படிக்கக் கூடுதல் நேரம் ஆவதில்லை என்று கண்டிருந்தார்கள். கிப்ஸ் 1980இல் மரபுத்தொடர்களை ஆராய்ந்தபோது, உரையாடலில் அவற்றின் வழக்கப் பொருளே நேர்ப்பொருளைவிட வேகமாக எட்டுகிறது என்று தெரிந்தது.

நம் வழக்கிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 'அதிகாரி கை நீட்டினார்' என்றால் லஞ்சம். 'மனைவிமேல் கை நீட்டினார்' என்றால் அடி. 'பசியில் கை நீட்டினார்' என்றால் பிச்சை. கை என்னும் உறுப்பு நீண்டது என்ற பொருளில் ஒரு கணம் நின்று, பிறகா இவற்றுக்கு வருகிறோம்? பக்கத்தில் உள்ள ஒரு சொல்லோ உருபோ வழியைத் திருப்பிவிடுகிறது. ஊசியின் காது, மலையின் அடி என்பவற்றில் உருவகம் இருந்ததே மறந்துபோயிற்று. பௌடிலும் ஜென்ட்னரும் 2005இல் விவரித்தது இந்தப் பயணத்தைத்தான்: புதிய உருவகத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், பழகப் பழக அது சொல்லின் இன்னொரு பொருளாகவே உறைந்துவிடுகிறது. ஆக, கஷ்டம் தருவது உருவகம் என்பதால் அன்று, பழகாதது என்பதால். அரிசி டப்பாவும் அப்படித்தான். உலை வைத்தபின் அரிசி வேண்டும் என்று தெரியாத குழந்தைக்கு அந்த மூன்று வாக்கியங்கள் மூன்று தனிச் செய்திகள். பிரஷர் குக்கர் மட்டுமே பார்த்த நகரத்துக் குழந்தைக்கு 'உலை'யே ஒரு புதிர்.

இந்த 'முன்னறிவு' வாதத்துக்குப் பலமான சான்று 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் வெளியிட்ட சோதனை. பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பத்தியை 64 மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள்கூட, ஆட்டம் தெரிந்தவர்களாக இருந்தால், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களை மிஞ்சினார்கள். கிரிக்கெட் செய்தியை வைத்து இதே சோதனையை இங்கே செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் தேறாத பையன் நெட் ரன் ரேட் விளக்குவதைக் கேட்டிருப்பீர்கள்.

இதிலிருந்து, ஊகிக்கும் திறன் என்று ஒன்று கிடையாது, உலக அறிவைக் கொடுத்தால் போதும் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அங்கேதான் கேட் கெய்ன், ஜேன் ஓக்ஹில் குழுவினரின் 2001 ஆய்வு குறுக்கே நிற்கிறது. சொற்களைச் சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத குழந்தைகளை ஓக்ஹில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். இந்தச் சோதனைக்குக் கற்பனைக் கிரகம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அங்கே கரடிகளுக்கு நீல நிற ரோமம் என்பது போன்ற செய்திகளை எல்லாக் குழந்தைகளும் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளும்வரை சொல்லிக்கொடுத்தார்கள். யாருக்கும் முன்னறிவில் சலுகை இல்லை. பிறகு அந்தக் கிரகத்துக் கதையைப் படிக்க வைத்தால், புரிதலில் பின்தங்கிய பிள்ளைகள் அப்போதும் குறைவாகவே ஊகித்தார்கள். செய்தி கையில் இருந்தது. அதை இந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அறிவு வேண்டும். அது மட்டும் போதாது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்ற உறுத்தல் முதலில் எழ வேண்டும்.

குழந்தைகளின் உருவகப் புரிதலும் இங்கேயே வந்து சேர்கிறது. எலன் வின்னர் குழுவினர் 1976இல், பல ஆண்டு வேலை பார்த்துப் பாறையாகிவிட்ட சிறைக்காவலரைப் பற்றிக் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர், யாரோ மந்திரம் போட்டு அவரைக் கல்லாக்கிவிட்டார்கள் என்றார்கள். சிலர், சிறைச்சுவர் கல்லால் ஆனது என்றார்கள். இரக்கமற்றவர் என்ற பொருள் பெரிய பிள்ளைகளிடம்தான் தெளிவாக வந்தது. இதைப் படித்துவிட்டுப் பத்து வயதுக்குமுன் உருவகம் கூடாது என்று சிலர் சொல்லத் தொடங்கினார்கள். வொஸ்னியாடு குழுவினர் 1984இல் விளக்கம் கேட்பதை விட்டுவிட்டு, கதையைப் பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னபோது, பள்ளி சேராத குழந்தைகளே பல உருவகங்களைச் சரியாகக் காட்டினார்கள். மந்திரம் என்று சொன்ன குழந்தையையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பொருந்தவில்லை என்று உணர்ந்து, அதைப் பொருத்த ஒரு கதை கட்டுகிறது அது. நம் வகுப்பில் 'சிறைக்காவலர் பாறை ஆனார்' என்று திருப்பி எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரும் பிள்ளைதான் கவலைக்குரியது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உருவகம் எட்டாது என்ற பரவலான நம்பிக்கையையும் இங்கே தொட வேண்டும். பிறர் மனதை உணர்வதில் உள்ள சிரமமே காரணம் என்று பிரான்செஸ்கா ஹாப்பே 1993இல் வாதிட்டார். கோர்ட்னி நார்பரி 2005இல் சோதித்தபோது, சொல்வளமும் பொருளறிவும் உள்ள குழந்தைகள் ஆட்டிசம் இருந்தாலும் உருவகத்தில் தேறினார்கள். மொழித்திறன்தான் கூடுதல் கனமான காரணமாக இருந்தது. மூளையின் வலப்பக்கமே உருவகத்தின் இருப்பிடம் என்ற கதையும் பின்வந்த படப்பதிவு ஆய்வுகளில் கரைந்துபோயிற்று. இடப்பக்கமே பெரும்பங்கு செய்கிறது. இதற்குமேல் மூளையைப் பற்றிச் சொல்வதால் வகுப்பறைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

வகுப்பறைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசாவில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி நாடுகளின் சராசரி 493. அடிப்படை நிலையை எட்டியவர்கள் இங்கே ஏறத்தாழ 17 விழுக்காடு, அங்கே 81. வினாக்கள் நம் சமூகப் பின்னணிக்கு அந்நியமானவை என்று இந்திய அரசு சொன்னது. அது வெறும் சாக்கு அன்று. முன்னறிவு வாதத்தின் ஒரு வடிவம்தான். ஆனால் கற்பனைக் கிரகச் சோதனை நினைவில் இருந்தால், அந்தச் சமாதானத்தில் முழுவதுமாகச் சாய முடியாது. பின்னணி நம்முடையதாகவே இருக்கும் பத்திகளில் நம் வினாத்தாள்கள் என்ன கேட்கின்றன? பெரும்பாலும் வரியில் உள்ள சொல்லை எடுத்து எழுதினால் போதும் என்ற வினாக்கள். பாடல் வினாவில் மோனை, எதுகை, அணியின் பெயர், அதன் இலக்கணம். பொருள் என்ற இடத்தில் பொழிப்புரை, அதுவும் தயாராக. நச்சினார்க்கினியரும் பேராசிரியரும் உரை எழுதியது, பிறர் கொண்ட பொருளை மறுத்தும், ஏன் இப்படிக் கொள்ள வேண்டும் என்று காரணம் காட்டியும். நோட்ஸில் வருவது அந்த உரையிலிருந்து காரணங்களைக் கழித்துவிட்ட மிச்சம். மாணவர் குழம்புவதற்கு முன்பே தெளிவு வந்து சேர்ந்துவிடுகிறது.

பயிற்சியால் மாறுமா? மாறும் என்பதற்குச் சான்று உண்டு. யூயிலும் ஓக்ஹிலும் 1988இல், ஒரு சொல் எதைக் குறிப்பாகக் காட்டுகிறது என்று பேசவைத்தும், கதையைப் பற்றிப் பிள்ளைகளையே கேள்வி கேட்க வைத்தும் சில வகுப்புகள் நடத்தியபோது, பின்தங்கியவர்கள் கணிசமாக முன்னேறினார்கள். பாலின்சாரும் பிரவுனும் 1984இல், சுருக்குதல், கேள்வி கேட்டல், தெளிவாக்குதல், அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்லுதல் என்ற நான்கையும் பிள்ளைகளே முறைவைத்து ஆசிரியராக நின்று நடத்தும்படி செய்தார்கள். எமி எல்மன் 2017இல் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊகப் பயிற்சி பின்தங்கிய வாசகர்களுக்கு நேர்ப்பொருள் புரிதலையும் உயர்த்தியது தெரியவந்தது. முதலில் நேர்ப்பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, குறிப்புப் பொருளைக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி வைக்கும் பழக்கத்துக்கு இது நேர் எதிர். ஆனால் இந்தப் பயிற்சிகளில் பெரும்பயன் முதல் சில வகுப்புகளிலேயே கிடைத்துவிடுகிறது என்பது டேனியல் வில்லிங்காம் போன்றோர் வற்புறுத்துவது. அது எனக்கும் சரியாகவே படுகிறது. 'பொருந்துகிறதா என்று பார்' என்பதைக் கற்றுக்கொள்ள ஓராண்டு வேண்டாம். மீதி நேரத்துக்கு நிறைய, பலவகையாகப் படிக்கக் கொடுப்பதே வேலை.

மிஞ்சுவது வினாத்தாள். குறிப்புப் பொருளைக் கேட்கும் வினாவுக்கு விடைக்குறிப்பு எழுதுவது சிரமம். மம்மடர் காட்டியபடி ஏது உறுதியில்லாதது, ஒன்றுக்கு மேற்பட்ட விடை நிற்கும். அதற்காக எந்த விடையும் சரியாகிவிடாது. ஔவையார் பாட்டைக் கொடுத்து, கேட்டவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று கேட்டால், 'ஆயுதங்களை நன்றாகப் பேணுகிறேன் என்று மகிழ்ந்திருப்பான்' என்று ஒரு மாணவர் எழுதலாம். கொல்லன் பட்டறை எதற்கு வந்தது என்ற கேள்விக்கு அந்த விடையில் இடம் இல்லை. 'எந்தச் சொல்லை வைத்து இப்படிச் சொல்கிறாய்?' என்று துணைவினா ஒன்றைச் சேர்த்து, சொல்லைச் சுட்டியதற்கும் சுட்டிய சொல் விடையைத் தாங்குவதற்கும் தனித்தனி மதிப்பெண் கொடுத்தால் இந்த வேறுபாடு விடைத்தாளிலேயே தெரிந்துவிடும். திருத்தும் ஆசிரியருக்கு இது கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் வினாவை மட்டும் மாற்றினால், அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அதற்கும் நோட்ஸ் கடைக்கு வந்துவிடும்.